தானாக முளைத்த கொடி

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், குளிருக்கும் அதுதான் நல்லது, கதைக்கும் அதுதான் நல்லது. கொல்லிமலையிலிருந்து ஒரு பேருந்து அடிவாரம் வந்து சேர்வதற்குள் முடிந்துவிடுகிற கதை ஒன்று சொல்கிறேன். அதற்குள் ஒருத்தி தன் புருசனை எத்தனை முறை பறிகொடுத்து எத்தனை முறை திரும்ப வாங்கினாள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் உங்கள் நாக்கும் கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் சாமி, கசப்போடு உங்களை வீட்டுக்கு அனுப்பமாட்டேன்.

...வாய்தான் கசக்கிறதோ, வெறும் வயிற்றில் கிளம்பினால் பித்தம் ஏறி வாய் கசப்பது உண்டுதானே, அப்படித்தான் இருக்கும், காய் எப்படிக் கசக்கும், நம் காட்டுக் காய், ஒரு பிடி உரம் காணாத காய்... என்று நினைத்துக்கொண்டே பெருமாயி மடியிலிருந்த டப்பாவிலிருந்து இரண்டாவது துண்டை எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள், வைத்த வேகத்தில் எடுத்தாள். காய்தான். சுரைக்காய்தான் கசக்கிறது. பாகற்காய்க் கசப்பு இல்லை இது, பாகற்காய் கசந்தாலும் கூடவே வா வா என்று ஒரு ருசி கூப்பிடும், இது போ போ என்று விரட்டுகிற கசப்பு, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிற கசப்பு. முதல் துண்டில் பாதி உள்ளே போய்விட்டது, பேருந்து வளைவில் சாயும்போது கம்பியைப் பிடிக்கிற கவனத்தில் விழுங்கியது, மீதியைச் சன்னலுக்கு வெளியே துப்பினாள், கையிலிருந்த துண்டையும் எறிந்தாள். வளைவுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்த குரங்குகளில் ஒன்று, வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டிருந்தது, பாய்ந்து அதை எடுத்தது, மூக்கில் வைத்தது, கீழே போட்டது, போட்டுவிட்டு உள்ளங்கையைச் சுவரில் துடைத்தது. துடைத்ததா, இல்லை எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா... அதற்குள் பேருந்து திரும்பிவிட்டது. குட்டிக்காரக் குரங்குக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லையே, இந்தக் காயின் மறுபாதி இப்போது வீட்டில், சாறாக, சொம்பில், மேலே தட்டுப் போட்டு மூடி, அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறதே, தெய்வமே.

அவர் என்றால் அவள் புருசன். பெயர் பொன்னன், பெருமாயி அந்தப் பெயரை மனசுக்குள்ளும் சொல்வதில்லை, நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நான் சொல்கிறேன். போன வருசம் அவருக்குக் கண் மஞ்சளாகி, கால் வீங்கி, வயிறு பானை மாதிரி எழும்பியபோது நாமக்கல்லில் டாக்டர் ஈரலைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வாய் குடித்தால் இவரை இங்கே கூட்டிக்கொண்டு வராதே அம்மா, பிரயோசனம் இல்லை என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து இனித் தொடுவீர்களா என்று கேட்டாள், தொடல என்றார், அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம்தான் செம்மேட்டில் இயற்கை உணவு முகாம் நடந்தது, வெள்ளைப் புடவை கட்டிய அந்த அம்மா எவ்வளவு நிதானமாகச் சொன்னாள், உடம்பு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும், ஈரல் இருக்கிறது, சிறுநீரகம் இருக்கிறது, தோல் இருக்கிறது, எல்லாம் ராத்திரி பகலாகக் கழுவிக்கொண்டே இருக்கின்றன, நாம் மேலே மேலே அழுக்கைக் கொட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும், கொஞ்சம் கீரை, கொஞ்சம் காய், தவிடு போகாத தானியம், நல்ல தண்ணீர்... கையைக் கட்டிக்கொண்டு இருக்க எனக்கு எங்கே முடிந்தது, அன்றைக்கே வந்து அடுக்களையைப் புரட்டிப் போட்டேன், கடை அரிசி போச்சு, சாமைச் சோறு வந்தது, கேழ்வரகுக் கூழ், மணத்தக்காளிக் கீரை, பப்பாளி, உப்புக் கம்மியாக மோர், விடிந்ததும் சுரைக்காய்ச் சாறு, அவருக்குச் சாறு, எனக்கு அதே காயில் பச்சைத் துண்டுகள், நீங்கள் மட்டும் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று. அவர் என்ன சொன்னார், மாட்டுக்கு வெக்கறத எனக்கு வெய்யி, எனக்கு வெக்கறத மாட்டுக்கு வெய்யி, ரண்டு பேரும் சந்தோசமா இருப்போம் என்றார். சிரித்தேன். சிரித்துக்கொண்டே என்ன சொல்லிக் கொடுத்தேன்... நாக்குக்கிட்டக் கேக்காதீங்க, மூக்கப் புடிச்சுக்கிட்டு ஒரே மூச்சுல உள்ள உடுங்க, மருந்து அப்படித்தான் இருக்கும். நானே சொல்லிக் கொடுத்தேன். வேறு யாராக இருந்தாலும் முதல் வாயிலேயே தூவென்று துப்பிவிடுவார்கள், அவர் துப்பமாட்டார், மூக்கைப் பிடித்துக்கொண்டு சொம்பு கவிழும்வரை விழுங்குவார், கசந்தால் இன்றைக்கு மருந்து பலமாக இருக்கிறது என்று நினைப்பார், ஐயோ, நாக்கைக் கட்டிப்போட்டுவிட்டேனே...

வெயில் வந்துவிட்டதா? பேருந்துக்கு வெளியே மூடுபனி இன்னும் மரங்களுக்கு இடையே நின்றுகொண்டிருந்தது, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடிகள் பாதிக்கு மேல் தெரியவில்லை. அவர் சாறு குடிப்பது வாசற்படிக்கு வெயில் வரும்போது, அதற்கு முன்னால் காட்டை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும், பல் தேய்க்க வேண்டும், ஆட்டை அவிழ்த்துக் கட்ட வேண்டும். பனி இருந்தால் வெயில் வராது, வெயில் வராவிட்டால் குடிக்கமாட்டார். எத்தனை நாள் இந்தப் பனியைத் திட்டியிருக்கிறேன், துணி காயவில்லை, மிளகு காயவில்லை என்று, இன்றைக்கு ஒரு நாள் நில்லு சாமி, எங்கள் தேவனூர் நாட்டு மேலேயே நில்லு, எங்கள் வாசலை விட்டு நகராதே... காலையில் கிளம்பும்போது கேட்டேன்தானே, நான் இல்லாவிட்டாலும் குடிச்சிருவீங்கல்ல என்று. குடிக்காம, வெயிலு படிக்கு வந்ததும் மூக்கப் புடிச்சு ஒரே மூச்சு, சொம்பையும் கழுவித் திண்டு மேல கவுத்து வெச்சுருவேன், நீ நிம்மதியாச் சந்தைக்குப் போய்ட்டு வா என்றார். எவ்வளவு பணிவாகச் சொன்னார், பச்சைப்பிள்ளை மாதிரி. சொன்னால் செய்வார், இப்போதெல்லாம் சொன்ன சொல் தவறுவதில்லை.

அலைபேசியை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்தாள், அவருடைய எண்ணை அழுத்தினாள். நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர்... தெரியும், எல்லைக்கு வெளியே இருப்பார், எங்கள் வீட்டுக்குள் எப்போது எல்லை வந்தது, ஓரகத்தி சுமித்ரா வீட்டு வாசலில் மட்டும்தான் அலைபேசியில் இரண்டு கோடு வரும். சுமித்ராவுக்குப் போட்டாள். இங்கேயே கோடு இல்லை. மறுபடி போட்டாள், சுழன்றது, நின்றது. வளைவு திரும்பினால் வரும், அடுத்த வளைவு திரும்பினால் வரும், பேருந்தோ ஒவ்வொரு வளைவிலும் ஒரு பெருமூச்சு விட்டு, ஒலி எழுப்பி, மெல்லச் சாய்ந்து... இறங்கி ஓடினால் என்ன, எங்கே ஓடுவது, மேலே ஏறவே அரை நாள் ஆகும்.

"ஏனம்முணி, பஸ்ஸு ஒத்துக்கலயா? எலுமிச்ச வெச்சிருக்கறேன், மோந்து பாக்கறயா?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாப்பாத்தி கேட்டாள், பேளுக்குறிச்சிச் சந்தைக்கு அன்னாசி கொண்டுபோகிறவள், காலுக்கடியில் மூட்டை, மூட்டையின் முள்ளெல்லாம் பெருமாயியின் கணுக்காலில். "பச்சச் சுரக்காய நறுக்கி டப்பால போட்டுத் திங்கறயே, ஊட்டுல அடுப்பு இல்லியா?"

"கசக்குதுங்க" என்றாள் பெருமாயி.

"என்னது?"

"சுரக்கா. கசக்குதுங்க அக்கா. இதே காயில சாறு எடுத்து அவருக்கு வெச்சுட்டு வந்துட்டேன்."

பாப்பாத்தியின் முகத்திலிருந்து கேலி இறங்கிப்போனதைப் பெருமாயி பார்த்தாள். தெரியாத ஒருத்தி சிரித்திருந்தால் தைரியமாக இருந்திருக்கும். "அறுக்கும்போது காம்போரம் ஒரு சீவலு வாயில போட்டுப் பாக்கலயா நீயி? வயசுப்புள்ள கூடப் பாக்குமே" என்றாள் பாப்பாத்தி. பார்க்கும், எல்லாரும் பார்ப்பார்கள், நானும் பார்ப்பேன், அம்மா முதன்முதலில் அரிவாள்மணையில் என்னை உட்காரவைத்தபோதே சொல்லிக் கொடுத்தது அது, சுரையோ வெள்ளரியோ காம்புப் பக்கம் ஒரு சீவல் நாக்கில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மீதியை நறுக்குவது, கசந்தால் குப்பைக்குழி, மாட்டுக்குக்கூட வைக்காதே என்று. கல்யாணமான நாளிலிருந்து ஒரு காயை நான் அப்படிப் பார்க்காமல் அறுத்ததில்லை. இன்றைக்கு மட்டும்... இன்றைக்கு முதல் காய். கொடியில் காய்த்த முதல் காய். முதல் காயில் காட்டுமூலைக் கருப்பனாருக்கு ஒரு வில்லை வைக்காமல் யாரும் வாயில் வைக்கக்கூடாது, எச்சில் படக்கூடாது, அதனால் நாக்கை அடக்கிக்கொண்டு அறுத்தேன், ஒரு வில்லையை வெற்றிலையில் வைத்து எடுத்துக்கொண்டு போய்க் கல்லின் முன்னால் வைத்துக் கும்பிட்டேன், அவர் ஈரல் தேறட்டும் என்றுதானே கும்பிட்டேன், திரும்பி வந்து ஒரு சீவல் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன், அதற்குள் கீழே வண்டி ஒலி எழுப்பிவிட்டது, அரைத்தது அரைத்தபடி சொம்பில் ஊற்றி, நறுக்கியது நறுக்கியபடி டப்பாவில் போட்டு... கருப்பனாரே, உமக்கும் கசந்த காயைத்தான் வைத்தேனா, கோபமா உமக்கு?

அதுவும் யார் போட்ட கொடி, யாரும் போடவில்லை, வேலியோரம் தானாக முளைத்தது. இதுவரை சாற்றுக்குச் சுமித்ரா பந்தலில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன், இந்தக் கொடி மழைக்கு முன்னால் இரண்டு இலை விட்டபோதே சுமித்ரா சொன்னாள், அக்கா, புடுங்கி எறியுங்க, அந்தப் பக்கம் கசக்கற பேய்ச்சுரை பூத்துக் கெடக்குது, வண்டு இங்கயும் அங்கயும் போய்ட்டு வரும், எந்தப் புத்தியோட வந்த வெதையோ என்று. நான் என்ன சொன்னேன், பெரிய படிப்பாளி மாதிரி, தானா வந்ததுதான்டி சுத்தம், மனுசன் கை படாதது என்று. முகாமில் அந்த அம்மா கடைசியில் ஏதோ சொன்னாளே, சுரைக்காய் கசந்தால் என்று ஆரம்பித்து... நான் அப்போது கூழுக்கு வரிசையில் நிற்க எழுந்துவிட்டேன், பாதி கேட்டேன், பாதி கேட்கவில்லை. பேய்ச்சுரையும் தானாகத்தான் முளைத்தது, அரளியும் தானாகத்தான் பூக்கிறது, இது ஏன் அப்போது தோன்றவில்லை? என் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் கொத்தனார் ஒருவர், பேளுக்குறிச்சியில், சர்க்கரைக்கு நல்லது என்று கசந்த சுரைச்சாறு குடித்துவிட்டு வாசலிலேயே ரத்த வாந்தி எடுத்தார், பார்க்கப் போனேன் ஆஸ்பத்திரிக்கு, நல்ல ஈரல் உள்ள மனுசன், காளை மாதிரி ஆள், வாழைத்தண்டு மாதிரி வெளுத்துக் கிடந்தார், பிழைத்தார். நல்ல ஈரல், பிழைத்தார். எங்கள் வீட்டுக்காரர் ஈரல்...

"ஏப்பா கண்டக்டரு, இங்க வா சாமி" என்று பாப்பாத்தி எழுந்து நின்று கத்தினாள். நடத்துநர் வேல்முருகன் கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்தான். விசயத்தைக் கேட்டான், ஒரு வினாடி சிரிக்கலாமா என்று பார்த்தான், பெருமாயி முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான். "மேல போற வண்டி நமக்கு எதிர்ல வருங்க அக்கா, ஆனா வளைவுல நிறுத்தமாட்டான், நிறுத்துனாலும் நீங்க தேவனூரு போய்ச் சேர்றதுக்குள்ள..." மீதியைச் சொல்லவில்லை. "இன்னும் நாலஞ்சு வளைவு எறங்குனா டவர் நல்லா எடுக்கும். ஏங்க, டிரைவரண்ணா, கொஞ்சம் அழுத்துங்க." முன்னாலிருந்து ஓட்டுநர் கத்தினார், "அழுத்துனா நேரா கீழ போயிருவோம், பரவால்லியா?" யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இந்தப் பேருந்தில் எல்லாருக்கும் இது ஒரு சந்தை நாள்.

வயிறு புரட்டியது. இது வளைவினாலா, விழுங்கிய பாதித் துண்டினாலா? பாதித் துண்டுக்கே இப்படி என்றால் ஒரு சொம்புக்கு... கணக்குப் போடாதே, கணக்குப் போடாதே. சொம்பைத் தூக்குகிறார், மூக்கைப் பிடிக்கிறார், தொண்டைக் குமிழ் ஏறி இறங்குகிறது, வாயைத் துடைக்கிறார், அப்புறம் வாசற்படியில் உட்கார்கிறார், அப்புறம் முன்னால் குனிகிறார்... சுமித்ரா ஓடி வருவாள், ஊர் வரும். ஊர் என்ன சொல்லும்? சுமித்ராவுக்குத் தெரியுமே, அவள் காதால் கேட்டதுதானே, மூன்று வருசத்துக்கு முன்னால் அவர் குடித்துவிட்டு நடுவாசலில் வேட்டி இல்லாமல் கிடந்த அன்றைக்கு நான் என்ன சொன்னேன், செத்தாவது தொலைய மாட்டேங்கறானே, ஒரு நாளைக்கு நானே எதையாச்சும் அரைச்சு ஊத்தறேன் பாரு என்று சொன்னேன். அரைச்சு ஊத்தறேன் என்றேன். அதே அம்மிக்கல். அதே சொம்பு. வேலியில் பேய்ச்சுரை இருக்கிறது என்று சொன்னேனே, கேட்கவில்லையே அக்கா என்று சுமித்ரா அழுதுகொண்டே சொல்வாள், அழுகைக்கு நடுவில் ஒரு நிமிசம் என்னை நிமிர்ந்து பார்ப்பாள், அந்த ஒரு பார்வை போதும் எனக்கு... அன்றைக்கு நான் நிஜமாகச் சொன்னேனா? நிஜமாகத்தான் சொன்னேன். அன்றைக்கு நிஜம். இன்றைக்கு அவர் கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருக்கிறதே, போன வாரம் கீற்று வெளிச்சத்தில் பார்த்தேன், கல்யாணத்தன்றைக்குப் பார்த்த வெள்ளை, என் கைச் சாறுதானே அதைக் கழுவியது, நான்தானே கழுவினேன், கழுவி முடித்துவிட்டு நானே...

அவர் பொய் சொல்கிற காலத்திலாவது பயமில்லாமல் இருந்தேன். குடித்துவிட்டு வந்து சொல்லுவாரே, சோளக்காட்டுல மாமன் புடிச்சுக்கிட்டாரு, அவரு மக சீருக்குப் பித்தளக் குடம் பாக்கப் போனோம், அங்க ஒரு காப்பி, காப்பில சக்கர பத்தல, அப்பறம் மழ... பொய் என்றால் அவருக்குச் சொல்லச் சொல்ல வளரும், குடமும் காப்பியும் மழையும் சேர்ந்துகொள்ளும். நிஜம் என்றால் ஒரு சொல்தான், அதற்கு மேல் கிளை விடாது. ஆடு செத்துருச்சு. அப்பன் போய்ட்டாரு. அப்படி. அது தெரிந்துகொள்ள எனக்குப் பாதி ஆயுசு ஆனது, தெரிந்து என்ன...

வெயில். சன்னலுக்கு வெளியே திடீரென்று வெயில், பனி மேலேயே நின்றுவிட்டது, பேருந்து மட்டும் வெயிலுக்குள் இறங்கிவிட்டது, அடிவாரத்து வயல்கள் பளபளவென்று, இவ்வளவு வெளிச்சமா, மேலேயும் இப்படியா, திரும்பி அண்ணாந்து பார்த்தாள், மலைத்தலை தெரியவில்லை, வெள்ளையாக மூடிக்கொண்டிருந்தது, இருக்கிறது, இன்னும் பனி இருக்கிறது, இல்லை, அது மேகமோ, மேகத்துக்கு மேலே எங்கள் வாசல் இருந்தால்... "அக்கா, டவரு!" என்று வேல்முருகன் தன் அலைபேசியைத் தூக்கிக் காட்டினான். சுமித்ராவுக்குப் போட்டாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. எடு, எடுடி, குச்சிக்கிழங்குக் காட்டில் நிற்கிறாயா, எடு சாமி... நின்றுபோனது. மறுபடி. பாப்பாத்தி அவள் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், எலுமிச்சம்பழம் இருவர் கைக்கும் நடுவில் நசுங்கியது.

"என்னங்கக்கா, சந்தைக்குப் போயும் என் நெனப்பா?"

"சுமி, ஓடு, எங்க ஊட்டுக்கு ஓடு. சொம்புல சாறு இருக்கும், மாமனக் குடிக்க வேண்டாஞ்சொல்லு. கசந்த காயி. ஓடு!"

"ஐயோ!" என்றாள் சுமித்ரா, அப்புறம் காற்று, காலடி, மூச்சு, ஒரு கோழி கலைகிற சத்தம், ஏனுங்க மாமா, மாமாவ் என்று கூப்பிடுகிற குரல். கோடு போய்விடும், எங்கள் வீட்டுக்குள் போனால் கோடு போய்விடும் என்று பெருமாயி அலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சிரித்தவர்கள் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் சுமித்ராவின் குரல், தூரத்திலிருந்து, "எங்க வாசலுக்கு வாங்க, இங்க வந்து பேசுங்க, அக்கா அழுவறாங்க" என்றது. அப்புறம் அவர்.

"என்ன புள்ள?"

"குடிச்சுட்டீங்களா?"

"குடிச்சுட்டேன்."

பேருந்து ஒரு வளைவில் சாய்ந்தது, பெருமாயிக்கு அது நிமிர்ந்ததே தெரியவில்லை. ஒரு சொல். ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார். காதுக்குள் ஒரு பெரிய மணி அடித்து ஓய்ந்த மாதிரி, அப்புறம் எதுவும் கேட்காத மாதிரி... ஆஸ்பத்திரி, செம்மேட்டு ஆஸ்பத்திரி, சுமித்ரா புருசனிடம் வண்டி இருக்கிறது, சொல்ல வேண்டும், அதற்குள் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு சொட்டு உடல. இன்னிக்கு நம்ம காட்டுக் காயல்ல, மொதக் காயி, அதனால நின்னு நிதானமாக் குடிச்சேன். எப்பவும் போலச் சப்புன்னுதான் இருந்துச்சு, ஆனா ஒரு குளுமை, வயித்துக்குள்ள அப்படியே எறங்குச்சு. சொம்பயும் கழுவிக் கவுத்துட்டேன். நீ எதுக்கு அழுவற?"

சப்பென்று. பெருமாயியின் நாக்கடியில் அந்தக் கசப்பு இன்னும் உட்கார்ந்திருந்தது, மேல்வாயெல்லாம் பூசிக்கொண்டு, பற்களுக்கு இடையில், எச்சிலை விழுங்கினால் தொண்டையில். பாதித் துண்டு இப்படி என்றால் ஒரு சொம்பு எப்படிச் சப்பென்று இருக்கும்? மூக்கைப் பிடித்தாலும் நாக்கு இருக்கிறதே... நின்று நிதானமாகக் குடித்தாராம். குளுமையாம். எறங்குச்சாம். வளர்கிறது, சொல்லச் சொல்ல வளர்கிறது, குடமும் காப்பியும் மழையும் மாதிரி. கண்ணீர் வந்தது, எந்தக் கண்ணீர் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கசக்கலயா?"

"சுரக்கா எதுக்குப் புள்ள கசக்குது?"

"எங்க ஊத்துனீங்க?"

கோடு போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், இருந்தது, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டுக்கா, ஆட்டுக்கு ஊற்றினாரா, சுமித்ரா பிள்ளைக்குக் கொடுத்தாரா, தெய்வமே, அவர் குடிக்கவில்லை என்றால் வேறு யார்...

"வாழைக்கு" என்றார்.

ஒரு சொல். கிளை இல்லை. பெருமாயி சன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நிற்கிற வாழை, இந்த வருசம் அது ஒன்று மட்டும் ஏன் அப்படித் தளதளவென்று நிற்கிறது, அடுப்புச் சாம்பல்தான் காரணம் என்று சுமித்ராவிடம் பெருமையாகச் சொன்னேனே...

"தெனமுமா?" என்று கேட்டாள்.

அவர் ஏதோ சொன்னார், அல்லது சொல்ல வாயெடுத்தார், அந்த வளைவில் கோடு போனது.

"குடிக்கல, இல்ல?" என்றாள் பாப்பாத்தி. பெருமாயி தலையாட்டினாள். பேருந்தில் யாரோ கைதட்டினார்கள், ஓட்டுநர் ஒருமுறை நீளமாக ஒலி எழுப்பினார். "பொய்யாச் சொன்னான்? நல்ல வேள, பொய் சொல்ற புருசனாப் பாத்துக் கட்டிவெச்சாங்க உன்னய" என்று பாப்பாத்தி சிரித்தாள், பெருமாயியும் சிரித்தாள், சிரிக்கும்போதே வயிறு புரட்டிக்கொண்டு வந்தது, சன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள், வேல்முருகன் தண்ணீர் புட்டியை நீட்டினான். "எறங்கினதும் மொத ஆஸ்பத்திரி, அப்பறந்தான் சந்தை, நான் கூட வாரேன், அன்னாசி எங்கயும் ஓடிப்போவாது" என்றாள் பாப்பாத்தி. சரிங்க என்றாள். டப்பாவில் மீதியிருந்த துண்டுகளை என்ன செய்வது, வெளியே கொட்டினால் ஏதாவது வாயில்லாத ஜீவன்... மூடியை அழுத்தி மூடி மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அடிவாரத்துக் காரவள்ளி தாண்டிப் பேருந்து நேர் ரோட்டில் ஓடியது, வளைவே இல்லை, இருந்தாலும் அவளுக்கு இன்னும் திரும்பிக்கொண்டே இருந்தது. குடிக்கவில்லை. ஒரு நாள்கூடக் குடிக்கவில்லையா? அப்படியானால் கண்ணின் மஞ்சளைக் கழுவியது எது? சாமைச் சோறா, கீரையா, எதுவுமே இல்லாமல் அந்த ஈரல் தன்பாட்டுக்குத் தானே கழுவிக்கொண்டதா, கொட்டாமல் இருந்தால் போதும் என்றுதானே அந்த அம்மா சொன்னாள், கொட்டாமல்... அவர் கொட்டவில்லைதானே? சாறு விசயத்தில் இத்தனை நாளும் சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்து என் கண்ணைப் பார்த்துச் சிரித்த மனுசன், மற்றதில், குடியில்... இல்லை, கண் வெள்ளையாக இருக்கிறது, கண் பொய் சொல்லாது. தொடல என்றார், ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஒரே சொல். ஒரே சொல்தானா? அதற்குப் பின்னால் வேறு ஏதாவது சேர்த்தாரா, மாரியாத்தா மேல சத்தியமா என்றோ, உன் தலை மேல என்றோ... நர்ஸ் ஒருத்தி அப்போது உள்ளே வந்தாள், நான் திரும்பிப் பார்த்தேன், அவர் வாய் இன்னும் அசைந்த மாதிரி ஒரு ஞாபகம், அசைந்ததா, மூச்சு விட்டாரா. ஞாபகம் அந்த இடத்தில் பனி மாதிரி மூடிக்கொள்கிறது. நாளைக் காலையில் சாறு அரைக்கலாமா? அரைத்து வைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாழைக்கு ஊற்றிவிட்டு வந்து குளுமையாக இருந்தது என்பார், கேட்டுக்கொள்ள வேண்டும். அரைக்காவிட்டால்... மற்றதைக் கேட்காமல் இருக்க வேண்டும். எது கஷ்டம்? பெருமாயி நாக்கை மேல்வாயில் அழுத்திப் பார்த்தாள். கொஞ்சம் குறைந்திருந்தது. போகவில்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. அவள் மறுநாள் அரைத்தாளா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள், அது அந்த வீட்டு அடுக்களைக்குத்தான் தெரியும். உங்கள் வீட்டு அரிவாள்மணையில் முதல் சீவல் எப்போதும் இனிக்கட்டும், உங்கள் வேலியில் தானாக முளைத்து வருவது நல்ல விதையாகவே வரட்டும், உங்கள் வீட்டு ஆண்கள் பெண்கள் பிள்ளைகள் எல்லாருடைய கண்ணும் கல்யாணநாள் மாதிரி வெள்ளையாகவே இருக்கட்டும், வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் ஒரு சொல்லே பதிலாகக் கிடைக்கட்டும். மெல்லப் போய்ட்டு வாங்க சாமி.